தள்ளிவிட்டால் வராத நீச்சல்

அண்ணா,

உன் கராஜில் இருக்கிற பெரிய ஃப்ரீசரை இன்று காலை நானும் அண்ணியும் காலி செய்தோம். திருகிய தேங்காய் இரண்டு பை, உரித்த சின்ன வெங்காயம் ஒரு பை, எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு காட்டு வாத்து. உன் நாயைப் பழக்க வைத்திருந்தது. உறைமேல் கறுப்பு மார்க்கரில் உன் கையெழுத்து: "ரேஞ்சர் ட்ரெயினிங். டோன்ட் குக்." ஏதோ இந்த வீட்டில் எல்லோரும் உன் வாத்தைக் குழம்பு வைக்கக் காத்துக்கொண்டிருந்த மாதிரி. உறையைப் பிரித்ததும் ஈர இறகும் குட்டைச் சேறும் கலந்த வாடை குப்பென்று வந்தது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். உன் போட்டோவுக்கு மாலை போட்டபோது வராத ஞாபகமெல்லாம் இந்த நாற்றத்தில் வந்தது.

நீ போய் இந்த வாரத்தோடு ஒரு வருஷம். அண்ணி வீட்டை விற்றுவிட்டு சான் ஹோசேயில் மகள் தியாவோடு இருக்கப் போகிறார். பெண் வீட்டில் அம்மாவுக்கு ஒரு அறை ஒதுக்கியாகிவிட்டது. போவதற்கு முன்னால் உனக்குத் திதி கொடுக்க வேண்டும். நேற்று என்னிடம், "வாட்ஸ்அப் குரூப்ல போடணும் அம்மிணி, அவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடு. உனக்குத்தான் தமிழ் நல்லா வரும்" என்றார். தமிழ் வருகிறது. நல்ல வார்த்தைதான் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன், அண்ணியிடம் காட்டப் போவதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் பேசினேன். 'சொல்லுங்ணா', 'சரிங்ணா', 'ஆமாங்ணா.' நாற்பது வருஷம் மரியாதை கொடுத்துக் கொடுத்து வாய் வலிக்கிறது. இந்தக் கடிதத்தில் நீ, நீதான். என்னை இனிமேல் யார் அதட்டப் போகிறார்கள்?

நீ என்னைவிட ஆறு வயது மூத்தவன். அப்பா இறந்தபின் எனக்கு மாப்பிள்ளை பார்த்தவனும் நீதான். நியூஜெர்சி பார்சிப்பனியில் வேலை, கிரீன் கார்டு, நல்ல குடும்பம் என்று போனிலேயே முடித்துவிட்டாய். "ஆளையே தெரியாதுங்ணா, பயமா இருக்கு" என்றேன். "போனாத் தானா பழகிரும் போ" என்றாய். பதினோரு வருஷம் ஆகியும் பழகவில்லை. விவாகரத்து ஆன அன்று போன் செய்தபோது, "இன்னுங் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிருக்கலாம் நீயி" என்றாய். ஆனால் அந்த வருஷமே என்னை டெக்சாஸுக்கு வரச் சொல்லி, ஹூஸ்டனில் உன் வீட்டுக்குப் பத்து நிமிஷ தூரத்தில் ஒரு அபார்ட்மெண்டும் பார்த்துக் கொடுத்தாய். நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. சொல்லிவிட்டேன், மேலே போகிறேன்.

நாய் வாங்கியது வாத்துக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் மேனேஜர் டேவும் அவருடைய ஆட்களும் குளிர்காலம் முழுக்க மேற்கே நெல்வயல் பக்கம் வாத்து வேட்டைக்குப் போவார்கள், சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரிலிருந்து கவ்விவர ஆளுக்கொரு நாயோடு. திங்கட்கிழமை லஞ்ச் டேபிளில் அதே பேச்சு. நீ எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாயாம். நீயே சொன்னதுதான். முதலில் பூட்ஸ் வாங்கினாய், பிறகு இலைச்சித்திரம் போட்ட ஜாக்கெட், பிறகு தொப்பி. கடைசியில் எட்டு வாரக் கறுப்பு லாப்ரடார் குட்டி ஒன்றை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கி, ரேஞ்சர் என்று பெயர் வைத்தாய். அண்ணி வாயில் அது 'ரேஞ்சரு' ஆயிற்று.

"ரெண்டு நாளைக்கு மட்டும் பாத்துக்க அம்மிணி, எனக்கு டல்லாஸ் போகணும்" என்றாய். அந்த இரண்டு நாள் மூன்று வருஷமாக நீண்டது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை ஆறரைக்கு உன் வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்கு லாகின் செய்யும்வரை நாயோடு இருப்பேன். சாயங்காலமும் அப்படியே. எனக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்? கோபி பக்கத்தில் வளர்ந்த நமக்கு நாய் என்றால் குனிந்து கல்லெடுக்கிற மாதிரி பாவனை காட்டினால் ஓடுகிற ஜந்து. இவன் முன்னால் நான் குனிந்தால் ஓடிவந்து மடியில் ஏறினான். அங்கேயே என் கதை முடிந்துவிட்டது.

லைப்ரரி புத்தகம் படித்தேன், வீடியோ பார்த்தேன். முதல் பாடத்தை உங்கள் மாடி ஹால்வேயில் நடத்தினேன். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, சுருட்டிய சாக்ஸை நாலடி தூரம் எறிய வேண்டும். குட்டி எடுத்துக்கொண்டு வேறு எங்கும் ஓட வழியில்லை, நம்மிடம்தான் வந்தாக வேண்டும். வந்ததும் பிடுங்கக் கூடாது. கன்னத்தைத் தடவிக் கொடுத்து, அவனாக விடும்வரை கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிடுங்கினால் வாயை இறுக்கப் பழகிவிடுவான், பிறகு வாத்து கூழாகத்தான் வரும். இதை உனக்கு எத்தனை தரம் சொன்னேன்! நீ வீட்டில் இருந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வாசலில் கிடந்த உன் பழைய செருப்பை எறிந்து, "எட்றா, எட்றா" என்று கைதட்டினாய். செருப்பை எடுத்துப் பழக்காதீங்ணா என்றேன். "நாய்க்கு எது சாக்ஸு, எது செருப்புன்னு கூடவா தெரியாம போயிரும்?" என்றாய்.

நவராத்திரிக்கு அண்ணி கொலு வைத்திருந்தார். வந்த பெண்களெல்லாம் வழக்கம்போலச் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ரேஞ்சர் ஒவ்வொன்றாக எடுத்துவந்து கொலுப்படிக்கு முன்னால் வைத்தான். ஒற்றை ஒற்றையாகப் பதினான்கு செருப்பு. ஒன்றில்கூடப் பல் படவில்லை. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். நீயோ பட்டுவேட்டியோடு நின்று, "எப்படி நம்ம ட்ரெயினிங்கு?" என்று வந்தவர்களிடம் கேட்டாய். அந்தப் பழக்கத்தை மறக்க வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

குளிர் வருவதற்குள் தரையில் அவன் கற்க வேண்டியதெல்லாம் கற்றிருந்தான். வீட்டுக்குப் பின்னால் பம்பரை எறிவேன். தண்ணீரில் மிதக்கிற ஆரஞ்சு ரப்பர் உருளை அது. எங்கே விழுகிறது என்று உற்றுப் பார்த்தபடி என் இடது பக்கம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பான். அவன் பெயரைச் சொன்னால்தான் பாய்வான். வேட்டை நாய்க்குப் பெயர்தான் உத்தரவு. நாலு நாய் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது யார் பெயர் கேட்கிறதோ அது மட்டும் போக வேண்டும். தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் காதை மட்டும் நிமிர்த்துவான். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தண்ணீர். அதில் என் தப்பும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வெயில் காலத்திலேயே ஆழமில்லாத கரையில் இறக்கிப் பழக்கியிருக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். காரணம் நாய் இல்லை. தண்ணீரைக் கண்டால் எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று உனக்குத் தெரியும்.

ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை டேவின் நண்பருடைய பண்ணைக்குப் போனோம். மாடுகள் தண்ணீர் குடிக்கிற பெரிய குட்டை, அதன்மேல் நீட்டிக்கொண்டு ஒரு மரப்பலகை மேடை. நான் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன். ரேஞ்சர் புல்வெளியில் நாலு தரம் பம்பரை எடுத்துவந்து உன் கையில் கொடுத்தான். டேவ் விசில் அடித்தார். அதோடு விட்டிருக்கலாம். அந்த விசிலில் உனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. பம்பரைக் குட்டை நடுவில் எறிந்துவிட்டு, "ரேஞ்சர்!" என்றாய். அவன் மேடை நுனிவரை ஓடினான், நின்றான், தண்ணீரைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான். இன்னொரு தரம் கத்தினாய். வாலைக் கீழே விட்டான்.

"வேண்டாங்ணா, அவனுக்குத் தண்ணி இன்னும் பழக்கலை. தண்ணி வேற ஐஸா இருக்குது" என்றேன்.

"அட ஏம்மிணி நீயி! கெணத்துல தள்ளிவிட்டாத் தானா நீச்சல் வந்துட்டுப் போகுது. நாமெல்லாம் எந்த புக்கப் படிச்சுக் கத்துக்கிட்டோம்?"

சொல்லிக்கொண்டே அவன் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி எறிந்தாய். எறிந்தாய் என்றுதான் எழுத வேண்டும், வேறு வார்த்தை இல்லை. பத்து மாதக் குட்டி மல்லாந்து விழுந்து, முழுசாக உள்ளே போனது. மேலே வந்தபோது கண்ணில் வெள்ளைதான் தெரிந்தது. முன்கால்களால் தண்ணீரை அறைந்து அறைந்து எப்படியோ கரையேறி, நம்மில் யாரையும் பார்க்காமல் ஓடி உன் டிரக்குக்கு அடியில் புகுந்துகொண்டான். டேவ் சிரிக்கவில்லை. "யூ டோன்ட் டூ தட் டு எ பப், மேன்" என்றார் மெதுவாக. ஒரு குட்டியை அப்படிச் செய்யக் கூடாது என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்திருந்தது. நீ மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் குளிர்ந்த மண்ணில் படுத்து, டிரக்குக்கடியில் கையை நீட்டி, அரை மணி நேரம் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினைந்து. கோடை லீவு. கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தேன். நீயும் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் மேலேயிருந்து குதித்துக்கொண்டிருந்தீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு முதுகில் சுரைக்குடுக்கையோ தகர டின்னோ கட்டித்தான் தண்ணீரில் இறக்குவார்கள். எனக்கு நீ எதையும் கட்டவில்லை. பின்னாலிருந்து இரண்டு கையாலும் முதுகில் ஒரு தள்ளு. உள்ளே போனபோது பச்சையாக இருந்தது, பிறகு கறுப்பாக. எதுவோ கையில் பட்டது. மோட்டாரின் இரும்புக் குழாய். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே வந்தேன், துருவில் இரண்டு உள்ளங்கையும் கிழிந்துவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் நீங்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா ஓடிவந்தபோது நீ, "அவளா வழுக்கி உளுந்துட்டா" என்றாய். கிணற்றுப் பக்கம் போனதற்காக அம்மா என்னை விளக்குமாறால் அடித்தாள். நீ அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? நம் வீட்டில் நீ சொன்னதுதான் நடந்தது. நாற்பது வருஷமாக நான் வழுக்கி விழுந்தவளாகவே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ரேஞ்சர் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சீறினாலே வீட்டுக்குள் ஓடினான். குளிப்பாட்ட டப்பில் இறக்கினால் பல்லைக் காட்டினான். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போனான். உன் டிரக் சத்தம் கேட்டால் சோஃபாவுக்குப் பின்னால் போய்விடுவான். உனக்கு அது அவமானமாகிவிட்டது. மார்ச்சில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "தண்ணில எறங்காத லாப்ரடார வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆன்லைன்ல போட்டுக் குடுத்தர்றேன். வேற நல்ல குட்டியா வாங்கிக்கலாம்" என்றாய். குழம்பு சரியில்லை, வேறு வை என்பது போலச் சொன்னாய்.

"எனக்குக் குடுங்ணா."

"உன்ற அபார்ட்மெண்ட்ல எப்படி வெச்சுப்ப?"

என் அபார்ட்மெண்டில் இருபத்தைந்து பவுண்டுக்கு மேல் நாய் கூடாது. ரேஞ்சர் எழுபது. நீ அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டாய். அதோடு நிறுத்தாமல், "முதல்ல உன்னயப் பாத்துக்கோ, அப்பறம் நாயப் பாக்கலாம்" என்றும் சொன்னாய். அண்ணி ரசத்தை ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

செப்டம்பரில் சின்ன வாத்து சீசன் தொடங்கும். அதுவரைக்கும் டைம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்குள் தண்ணீரில் இறங்கினால் நாய் இந்த வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள். "இந்த ஜென்மத்துல எறங்காது" என்று கையைக் கழுவப் போனாய்.

படித்த எல்லாப் புத்தகத்திலும் ஒரே விஷயம்தான் இருந்தது. பயந்த நாயைத் தண்ணீருக்கு அனுப்ப முடியாது, நாம் உள்ளே போய் நிற்க வேண்டும், அது நம்மிடம் வரும். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை ஒரு வாரம் கையால் தொடவில்லை. பிறகு ஏப்ரல் கடைசியில், தண்ணீர் வெதுவெதுப்பானதும், இருபது நிமிஷ டிரைவில் இருக்கும் ஏரிப் பூங்காவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். மெல்லச் சரிகிற மணல் கரை. முதலை உண்டா என்று பூங்கா ஊழியரிடம் கேட்டேன், இந்தப் பக்கம் பார்த்ததில்லை என்றார். அந்த 'இந்தப் பக்கம்' எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் கணுக்கால்வரை நின்றேன். பழைய சுடிதார், கழுத்தில் விசில். அவன் இருபதடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு ஊளையிட்டான். நான் அவனைக் கூப்பிடவில்லை. கரைப்பக்கம் திரும்பி நின்று, அவன் கண்ணில் படுகிற மாதிரி பம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதினைந்து நிமிஷம், பிறகு வீடு. மறுநாள் அதே. முழங்கால்வரை போன அன்று எனக்கு மூச்சு முட்டி, கிணற்றின் பச்சை கண்ணுக்குள் வந்து, நாலு காலில் தவழ்ந்து கரைக்கு வந்தேன். ரேஞ்சர் ஓடிவந்து என் முகத்தை நக்கினான். அன்று அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தேனா, அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தானா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

பதினோராம் நாள் ஒரு பாதத்தை வைத்தான். மே முடிவதற்குள் வயிறு நனைய நின்று பம்பரை வாங்கினான். ஆனால் கால் தரையில் படுகிறவரைதான் வருவான். அவன் நீந்த வேண்டுமென்றால் அவனுக்கு நிலை கொள்ளாத இடத்தில் நான் நிற்க வேண்டும், அதாவது என் மார்பளவில். அதற்காக நாற்பத்தைந்து வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில் வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்து வரிசையில் ஆறு வயதுக் குழந்தைகள் டால்பின் மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் குமிழி விட்டேன். சொல்லிக் கொடுத்த பெண் ஒருநாள்கூட என்மேல் கை வைக்கவில்லை. "வெனெவர் யூ ஆர் ரெடி" என்று மட்டும் சொல்வாள். நீ தயாரானதும் இறங்கு என்று எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொல்கிறார். குமிழி விடுகிற சாக்கில் தண்ணீருக்குள்ளேயே அழுதேன்.

ஜூலையில் ஒரு காலை நான் மார்பளவில் நின்றுகொண்டு, எதையும் எறியாமல், "ரேஞ்சர்" என்றேன். கரையில் இப்படியும் அப்படியும் ஓடினான், அழுதான், நின்றான். பிறகு வந்தான். மணல் முடிந்த இடத்தில் ஒரு கணம் மூழ்கி, தும்மி, தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தான். வந்தவன் இரண்டு முன்கால்களையும் என் தோளில் போட்டுக்கொண்டு தொங்கினான். நகம் கீறி ரத்தம் வந்தது. பூங்காவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை, அதனால் எவ்வளவு சத்தமாகக் கத்த முடியுமோ அவ்வளவு கத்தினேன்.

சீசனுக்கு ஒரு வாரம் முன்னால் நீ டேவோடு ஏரிக்கு வந்தாய். நான் பம்பரைத் தூர எறிந்தேன். ரேஞ்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொன்னதும் கரையிலிருந்து பாய்ந்து, நேராக நீந்தி, கவ்விக்கொண்டு திரும்பினான். உடம்பை உதறுவதற்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து பம்பரைக் கையில் கொடுத்தான். டேவ் என்னைப் பார்த்து, யார் இவனைப் பழக்கியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். அன்றைக்கு நான் தூக்கிப் போட்டேனே, அதில்தான் பயம் தெளிந்தது என்று அவரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இல்லியா அம்மிணி?" என்றாய்.

"ஆமாங்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? ரேஞ்சர் உன் பெயரில் இருக்கிற நாய். டேவ் முன்னால் உன் மூக்கை அறுத்தால் அடுத்த வாரமே அவனை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவாய். அவன் இருக்க வேண்டும் என்றால் நான் ஆமாம் போட வேண்டும். போட்டேன். அந்த ஒரு 'ஆமாங்ணா' இன்னமும் எனக்குச் செரிக்கவில்லை.

இரண்டு சீசன் அவனைக் கூட்டிக்கொண்டு போனாய். லஞ்ச் டேபிளில் உனக்கு இடம் கிடைத்தது. உன் சாவுச் சடங்கில் டேவ் எழுந்து, இவ்வளவு பொறுமையாக ஒரு நாயைப் பழக்கிய மனிதனை நான் பார்த்ததில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் அழுதார்கள். நான் டிஷ்யூவைக் கிழித்துக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய், ஐம்பத்து மூன்று வயது, அது கொடுமைதான். அதற்காக வருத்தப்படவும் செய்கிறேன். வருத்தமும் கோபமும் ஒரே அடுப்பில் வேகாது என்று யார் சொன்னது? ரேஞ்சர் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டான். கடைசி வருஷம் உன் காலடியில்தான் படுத்திருந்தான். அது அவன் குணம். நான் நாய் இல்லை.

தகனம் முடிந்த அந்த வாரமே, அஸ்தியில் பெரும்பகுதியை பவானி கூடுதுறைக்கு எடுத்து வைத்துவிட்டு, கொஞ்சத்தை இங்கே கரைக்கலாம் என்று அண்ணி சொன்னார். "ரேஞ்சரு நீஞ்சற ஏரியிலயே கரைச்சரலாம். அவருக்குப் பிடிச்ச எடம்." உனக்குப் பிடித்த இடமா! நீ அங்கே வந்ததே ஒரே தடவை. வீடு நிறைய ஆட்கள், நாயை விட்டுவிட்டு வர வழியில்லை, அவனையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

சின்ன மண்கலயம், வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. தியா கையில் வைத்திருந்தாள். "தண்ணிக்கு முதுகக் காட்டி நின்னுண்டு, தலைக்கு மேல பின்பக்கமாப் போட்டுடும்மா. திரும்பிப் பாக்காம நடந்து வந்துடணும்" என்றார் ஐயர். அவள் அப்படியே செய்தாள். கலயம் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்து மூழ்காமல் ஆடிக்கொண்டு நின்றது. ரேஞ்சர் என் இடது பக்கம் உட்கார்ந்து, அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு மட்டும் நடுங்கியது. அசையவில்லை. அண்ணிதான் தாங்க முடியாமல் வாய்விட்டு அழுதார்.

"அப்பா போறாரு பாருடா... ரேஞ்சரு!"

பெயர் கேட்டதும் பாய்ந்துவிட்டான். நான் விசிலை வாயில் வைப்பதற்குள் பாதி தூரம் போய்விட்டான். மஞ்சள் துணியின் முடிச்சைப் பதமாகக் கவ்வி, கலயத்தைத் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்தான். உதறவில்லை. உட்கார்ந்தான். தலையை நிமிர்த்தி உன்னை என் கையில் கொடுத்தான். "ஓ மை காட், அத்தை" என்றாள் தியா. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். நாற்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றை அவர் பார்த்திருக்க மாட்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, நீங்களே எறங்கி விட்டுடுங்கோ" என்றார்.

கட்டியிருந்த காட்டன் புடவையோடு இறங்கினேன். முழங்கால், இடுப்பு, மார்பு. ரேஞ்சர் பக்கத்திலேயே நீந்தி வந்தான். துணியை அவிழ்த்தேன். நீ ஒரு டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. கரைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நான் வழுக்கி விழல. நீதான் தள்ளிவிட்ட."

கரையிலிருந்து அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியும் அம்மிணி. கல்யாணமான புதுசுலயே சொன்னாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

நீ ஒளித்து வைத்த ரகசியம் என்று நான் நாற்பது வருஷம் நினைத்திருந்தது உனக்குச் சாப்பாட்டு மேசைத் தமாஷாக இருந்திருக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்புத்தான். வீட்டையும் டிரக்கையும் துப்பாக்கியையும் அண்ணி விற்கிறார். நாய்க்காக அபார்ட்மெண்டை விட்டு ஒரு வாடகை வீட்டுக்கு மாறிவிட்டேன், அவன் என்னோடு இருக்கிறான். உன் சிரிப்பையும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

அன்று கலயத்தைக் கவிழ்த்தேன். நீ சாம்பல் நிறமாகக் கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றாய், பிறகு போய்விட்டாய். கரைக்கு நடந்தே திரும்பியிருக்கலாம், மார்பளவுத் தண்ணீர்தான். நீ பார்க்கட்டும் என்று நீந்திப் போனேன்.